சீழ்க்கையும் சிறு மீனும்

புதுப்பட்டினத்திலிருந்து வடமேற்கே சிறிது தொலைவு சென்றால் திருக்கழுக்குன்றம். அம்மலையின்மேல் நண்பகலுக்குச் சற்று முன்னர் இரண்டு கழுகுகள் வந்திறங்கி, கோயில் அர்ச்சகர் இட்ட உணவை உண்டு சென்ற காட்சியை உங்கள் பாட்டனாரோ பெற்றோரோ நேரில் கண்டிருக்கக் கூடும். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்ந்த உணவு அது. பறவை நூலார் மஞ்சள்முகப் பாறு என்று குறிப்பிடும் இனம் அவை. அவை வராத நாளில், கூட்டத்தில் பாவி எவனோ இருக்கிறான் என்பார்களாம். 1990-களில் அந்த வரவு அடியோடு நின்று போயிற்று.

பக்தர்களின் நம்பிக்கையை நாம் இங்கே தொட வேண்டியதில்லை. உயிரியல் மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அப்பறவைகளுக்குக் கூண்டு இல்லை. காலில் கயிறு இல்லை. கோல் கொண்டு ஓட்டுவாரும் இல்லை. வானம் முழுவதும் அவற்றுக்குத் திறந்திருந்தது. ஆயினும் ஒரே நேரத்தில் ஒரே பாறைக்கு வந்தன. வந்தால் உணவு உண்டு என்பதை அவை கற்றிருந்தன.

கிளி சோதிடத்தையும் நினைத்துப் பாருங்கள். சோதிடர் கூண்டுக் கதவைத் தூக்குகிறார். கிளி நடந்து வருகிறது. அட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தள்ளுகிறது. ஓர் அட்டையை எடுத்துச் சோதிடர் கையில் கொடுக்கிறது. ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு தானே கூண்டுக்குள் திரும்புகிறது. நாம் எல்லோரும் அட்டையைத்தான் பார்ப்போம். பார்க்க வேண்டியது அந்த நெல்மணியை. கிளியைப் பிடித்து வளர்ப்பது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று குற்றம். எனவே இக்காட்சியும் அருகி வருகிறது. அருகுவதே நல்லது. ஆனால் எழுத்தறியாத ஒருவர் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் ஒரு பறவைக்கு நான்கைந்து செயல்களைக் கோவையாகக் கற்பித்து விட்டார் என்பதை மறுக்க முடியாது.

இம்முறைக்கு உளநூலார் இட்ட பெயர் ‘நேர் வலுவூட்டல்’. ஒரு செயலை அடுத்து விலங்கிற்கு விருப்பமான ஒன்று கிடைக்குமானால், அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்புக் கூடும். ‘நேர்’ என்றால் நல்லது என்றும், ‘எதிர்’ என்றால் தண்டனை என்றும் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவர் பலர். அது பிழை. இங்கே ‘நேர்’ என்பது கூட்டல் குறி. ‘எதிர்’ என்பது கழித்தல் குறி. ஆட்டின் கழுத்துக் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறோம். அது நம்மோடு நடந்ததும் பிடி தளர்கிறது. இறுக்கம் கழிந்ததால் நடத்தல் வலுப்பெற்றது. இது எதிர் வலுவூட்டல். நெல்மணி சேர்ந்ததால் நடத்தல் வலுப்பெற்றால் நேர் வலுவூட்டல். அடித்து ஒரு செயலை நிறுத்துவது இரண்டிலும் சேராது, அதுதான் தண்டனை.

நம் நாட்டில் பாகரும் சோதிடரும் குரங்காட்டியும் கைப்பழக்கமாக அறிந்திருந்த இந்த வித்தை எப்படி அறிவியலாயிற்று? அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு: அறிவியலான பிறகு அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படிப் பரவிற்று? விடையைத் தேடுமுன், இதே கடற்கரையில் உள்ள ஒரு முதலைக் குளத்தின் ஓரம் சற்று நிற்போம். அங்கேதான் இதன் தேவை நன்கு புலப்படும்.

வடநெம்மேலியின் முதலைகள்

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் போயிருப்பீர்கள். ராமுலஸ் விட்டேக்கர் இதை 1976-ஆம் ஆண்டில் தோற்றுவித்தார். அக்காலத்தில் நம் நாட்டு முதலையினங்கள் மூன்றும், அதாவது சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, கரியால் ஆகியவை, தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழியும் தறுவாயில் இருந்தன. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-இல் நடுவண் அரசின் முதலைத் திட்டம் தொடங்கியது. 1978 பிப்ரவரியில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் முதலை வல்லுநர் குழு தனது நான்காம் கூட்டத்தைச் சென்னையில் நடத்தியது. முதலைகள் உலகில் எஞ்சுமா என்பதே அன்று எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி.

பண்ணையில் அவை எஞ்சின. எஞ்சியது மட்டுமன்றிப் பெருகவும் செய்தன. பெருகியதும் கேள்வி மாறிற்று. சுவருக்குள் வாழும் ஒரு முதலைக்குக் காயம் பட்டால் மருந்திடுவது எப்படி? எடை பார்ப்பது எப்படி? ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்திற்கு மாற்றுவது எப்படி? பழைய முறை ஒன்றே: கயிற்றுச் சுருக்கை வீசி, பலர் சேர்ந்து இழுத்து, ஈரச்சாக்கால் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, மேலே ஏறி அமுக்கிப் பிடிப்பது. பார்ப்பவர்க்கு இது வீரம். முதலையின் உடலுக்குள் நடப்பது வேறு.

முதலையின் தசைகள் சிறிது நேரத்திற்குப் பேராற்றலை வெளிப்படுத்த வல்லவை. ஆனால் அவ்வாற்றலில் பெரும்பகுதி உயிர்வளியின் துணையின்றி உண்டாவது. அவ்வாறு உண்டாகும்போது லாக்டிக் அமிலம் திரண்டு இரத்தத்தில் கலக்கிறது. நீங்கள் ஓட்டப் பந்தயத்தில் ஓடினாலும் உங்கள் காலில் இதே அமிலம் சேரும். ஆனால் உங்கள் உடல் அதை விரைவில் அகற்றி விடும். ஊர்வனவற்றின் உடல் மெதுவாக இயங்குவது. பெரிய முதலை ஒன்று போராடி ஓய்ந்தபின் அதன் இரத்தம் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளிடம் 1980-களில் செய்த அளவீடுகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின: முதலை பெரிதாக ஆக அது நெடுநேரம் போராடும், போராட்டம் நீள நீள அமிலமும் ஏறும். கட்டவிழ்த்து விட்டதும் அமைதியாகக் கிடக்கும் பெரிய முதலை, வெளிக்காயம் எதுவுமின்றிச் சில மணி நேரம் கழித்து இறந்து போவதற்கு இதுவே காரணம். காப்பாற்றுவதற்காகப் பிடிப்பதே அதைக் கொன்று விடலாம். பிடிப்பவர்க்கும் கை கால் நிச்சயமில்லை.

அப்படியானால் முதலையே நடந்து வந்து, தானே உடலைக் காட்டி நின்றால்? கேட்கும்போது கதைபோல் இருக்கிறது. இதற்கு வழி சொன்ன அறிவியல் ஒரு பூனையிடமிருந்து தொடங்குகிறது.

பூனை, புறா, கோழி

1898-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் எட்வர்டு தார்ண்டைக் என்னும் இளைஞர் பசித்த பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்தார். உள்ளே ஒரு கயிற்றை இழுத்தாலோ ஒரு கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். வெளியே மீன் இருக்கும். முதல் நாள் பூனை கீறியும் கடித்தும் தற்செயலாகக் கதவைத் திறந்தது. அடுத்தடுத்த முறை அதற்கு ஆன நேரம் குறைந்துகொண்டே வந்தது. முயன்று தவறிக் கற்றல் என்றும், விளைவு விதி என்றும் உங்கள் பாடநூலில் வருபவை இப்பெட்டிகளிலிருந்து பிறந்தவையே.

அவ்விதியை நுட்பமாக வளர்த்தவர் பி. எஃப். ஸ்கின்னர். அவருடைய முதல் நூல் 1938-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அவர் மின்னியாபொலிஸ் நகரில், ஒரு மாவு ஆலையின் மேல்மாடியில், புறாக்களுக்கு ஒரு விந்தையான பயிற்சி அளித்துக் கொண்டிருந்தார். குண்டின் முனையில் அமர்ந்து, திரையில் தெரியும் இலக்கின் படத்தைக் கொத்தி, அக்குண்டைக் குறி தவறாமல் செலுத்த வேண்டும்! படைத்துறை அத்திட்டத்தை ஏற்கவில்லை. புறாக்களுக்கு அது நல்லதாயிற்று.

ஆனால் அரசின் முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் ஒன்றில், 1943-இல், அவரும் துணைவர்களும் பொழுதுபோக்காக ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் தள்ளக் கற்பிக்க முற்பட்டனர். புறா தள்ளும் என்று காத்திருந்தனர், அது தள்ளவில்லை. பிறகு, பந்தைப் பார்த்தாலே தானியம் தருவது என்று முடிவு செய்தனர். பார்த்தது, தானியம். அலகு பந்தின் பக்கம் சென்றது, தானியம். பந்தைத் தொட்டது, தானியம். சில மணித்துளிகளுக்குள் பந்து பெட்டியின் சுவர்களில் மோதித் தெறிக்கத் தொடங்கியது. இதைப் படிப்படி வடிவாக்கம் என்கிறோம். பொறியின் துணையின்றி, மனிதக் கையே உரிய நொடியில் பரிசளித்து ஒரு புதுச் செயலை உருவாக்க முடியும் என்பதை அன்று அவர்கள் கண்டனர்.

அவ்வறையில் இருந்தவர்களில் ஒருவர் கெல்லர் பிரிலேண்டு. அவரும் அவர் மனைவி மேரியனும் ஸ்கின்னரின் மாணவர்கள். இருவரும் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டு, விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டனர். 1947-இல் கோழித்தீவன விற்பனைக்காக ஜெனரல் மில்ஸ் நிறுவனம் அவர்களை அமர்த்தியது. ஊரூராகச் செல்லும் விற்பனையாளர்களுக்குக் கோழி வித்தையை நடத்தக் கற்றுக் கொடுப்பதும் அவர்கள் வேலை. எனக்குத் தெரிந்த வரையில், இத்துறையில் நடந்த முதல் பயிலரங்கு என்று இதைத்தான் சொல்ல வேண்டும். அதில் பேராசிரியர் எவரும் இல்லை.

பின்னர் அவர்கள் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் நிலைகொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைப் பழக்கினர். தோல்விகளையும் மறைக்கவில்லை. நாணயங்களை உண்டியலில் போடக் கற்ற ரக்கூன், இரண்டு நாணயம் கொடுத்ததும் போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக் கொண்டே இருந்தது. பன்றி நாணயத்தைக் கீழே போட்டு மூக்கால் மண்ணில் புரட்டிற்று. பரிசு இழந்தாலும் அவை விடவில்லை. ரக்கூன் இரையைத் தேய்த்துக் கழுவும் பிராணி. பன்றி நிலத்தைக் கிளறும் பிராணி. கற்றல் பிறவிக் குணத்தின்மேல் தான் நிற்க முடியும் என்று 1961-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, தம் ஆசிரியரின் கொள்கைக்கே ஓர் எல்லை கட்டியது. ஸ்கின்னரின் நூல்களைவிட இக்கட்டுரையை மாணவர் முதலில் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

அடிக்க முடியாத மாணவன்

நாயை அடித்தும் பழக்கலாம். குதிரையைக் கடிவாளத்தால் இழுக்கலாம். டால்பினை என்ன செய்வீர்கள்? நம் மீனவர்கள் ஓங்கில் என்று அழைக்கும் இவ்விலங்கிற்குக் கயிறு கட்ட முடியாது. கை ஓங்கினால் குளத்தின் மறுகோடிக்குப் போய்விடும். ஹவாய்த் தீவுகளில் 1964-இல் திறக்கப்பட்ட ‘சீ லைஃப் பார்க்’ கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில் கேரன் பிரையர் என்னும் பெண்மணி இந்த இக்கட்டை எதிர்கொண்டார். அவர் கையில் இருந்தவை ஒரு வாளி மீன், ஒரு சீழ்க்கை.

சீழ்க்கை எதற்கு? டால்பின் துள்ளும் நொடியிலேயே அதன் வாயில் மீனைப் போட முடியாது. மீன் போய்ச் சேர்வதற்குள் அது வேறொன்றைச் செய்திருக்கும். பரிசு எதற்கு என்பது விளங்காது. எனவே முதலில் சீழ்க்கை, உடனே மீன் என்று பலமுறை சேர்த்துக் கொடுப்பார்கள். பிறகு சீழ்க்கை ஒலியே, ‘இப்போது செய்தாயே, அதுதான், மீன் வருகிறது’ என்று பொருள்படும். உயரத் துள்ளும்போது உச்சியில் ஊதினால் துள்ளல் உயரும். விழும்போது ஊதினால் விழுதல்தான் வலுப்படும். அரை நொடியில் பாடம் மாறிவிடும்.

1969-இல் பிரையரும் துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதற்கு முன் செய்யாத புதிய செயலுக்கு மட்டுமே மீன் என்று விதித்ததும், டால்பின் யாரும் கற்பிக்காத அசைவுகளைத் தானே புனையத் தொடங்கியது.

இனித்தான் நம் கேள்விக்கு வருகிறோம். ஸ்கின்னர் 1951-லேயே ஒரு பொது அறிவியல் இதழில், விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று தெளிவாக எழுதி விட்டார். ‘டிக் டிக்’ என ஒலிக்கும் மலிவான தகர விளையாட்டுப் பொருளே போதும் என்றும் அதில் சொன்னார். நாய் பழக்குவோர் அப்பொருளைக் கையில் எடுத்தது எப்போது? பிரையரும் வேறு சிலரும் 1992-இல் நாய் பழக்குவோருக்கென நடத்திய கருத்தரங்குக்குப் பிறகு. இடையில் 41 ஆண்டுகள்! கட்டுரை இருந்தது, பொருள் கடையில் கிடைத்தது. கைதான் வரவில்லை.

ஏனெனில் இது கண்ணால் பார்த்துக் கையால் கற்க வேண்டிய வித்தை. அரை நொடியை எழுத்தில் காட்ட முடியாது. கடல் விலங்குகளைப் பழக்குவோர் தங்கள் முறைகளைத் தொழில் இரகசியமாகப் பொத்தி வைத்திருந்த காலமும் உண்டு. 1972-இல் அவர்களுடைய அனைத்துலகச் சங்கம் உருவாகி ஆண்டுதோறும் கூடத் தொடங்கியபின் அது மாறிற்று. 2000-ஆம் ஆண்டில் விலங்குக் காட்சியகங்களில் பழக்குவோருக்கும் தனி அமைப்பு ஏற்பட்டது. இக்கூட்டங்களில் மேடையேறியவர்களில் பலர் காலையில் கூண்டு கழுவி, மாலையில் மீன் வெட்டுபவர்கள்.

இவற்றுள் விசித்திரமானது கோழி முகாம். மேரியனும், கெல்லர் மறைந்தபின் அவரை மணந்த பாப் பெய்லியும் ஹாட் ஸ்பிரிங்ஸில் 1990-களில் இதை நடத்தினர். நாய் பழக்குவதில் பெயர் பெற்றவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து கோழியின் முன் அமர்ந்தார்கள். கோழி ஏன்? அது நாயைப்போல் நம் தவற்றை மன்னித்து, நம் முகத்தைப் பார்த்து ஊகித்துச் செய்யாது. கயிறு கட்டி இழுக்க இயலாது. நொடிக்கு நொடி தலையை அசைக்கும். ஆகவே பழக்குபவரின் கை மெதுவானது என்றால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். மேசைமேல் இரண்டு வண்ண வட்டுகள். ஒன்றை மட்டும் கொத்தக் கற்பிக்க வேண்டும். தவறான வட்டைக் கோழி கொத்தினால் தவறு யாருடையது என்பதில் அங்கே வழக்கே எழவில்லை.

நம் நாட்டில்

நம் மரபில் யானையைப் பழக்கும் கலை மிகப் பழையது. பாசறையில் கரும்பையும் நெற்கதிரையும் உண்ண மறுக்கும் யானையை, கவைமுட் கருவி ஏந்திய இளைஞர்கள் வடமொழிச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கவளம் உண்ணச் செய்யும் காட்சி முல்லைப்பாட்டில் வருகிறது. கவளமும் கருவியும் ஒரே கையில். இன்றும் அப்படியே. யானையின் காதுக்குப் பின்னால் பாகர் கால்விரலால் அழுத்துகிறார். யானை திரும்பியதும் அழுத்தத்தை விடுகிறார். மேலே சொன்ன ஆட்டுக் கயிறுதான் இது. புதிதாகப் பிடிபட்ட காட்டு யானையைப் பருமரங்களால் ஆன கரால் என்னும் கூண்டில் அடைத்துப் பழக்குவதும் முதுமலை, ஆனைமலை முகாம்களில் வழக்கம். 2019-இல் உடுமலைப்பேட்டை அருகே பிடிபட்ட சின்னத்தம்பி யானை வரகளியாற்றுக் கராலில்தான் வைக்கப்பட்டது. அங்கே கரும்பும் வெல்லமும் உண்டு. ஆனால் வாயில் அடைத்திருக்கிறது. திருக்கழுக்குன்றத்துக் கழுகுக்கு இருந்த, வராமல் இருக்கும் உரிமை அதற்கு இல்லை. அடிப்பதைக் குறைத்து, அழுத்தத்தை உரிய நொடியில் தளர்த்தவும் பரிசு தரவும் கற்பிக்கும் பயிலரங்குகளை ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ மக்லீன் நேபாளத்திலும் இந்தியாவிலும் பாகர்களுக்காக நடத்தியிருக்கிறார். அங்கே பாகர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது பெருந்தவறாகும். யானையின் காதசைவைப் படிக்க எந்த அறிஞரும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

விலங்குக் காட்சியகங்களைப் பொறுத்தவரை, சாலி வாக்கர் 1985-இல் தொடங்கிப் பின்னர் கோவையில் நிலைகொண்ட ‘ஜூ அவுட்ரீச்’ அமைப்பு பணியாளர்களுக்கெனப் பல பயிலரங்குகளை நடத்தியது. அதே 1985-இல் வண்டலூர்ப் பூங்கா திறக்கப்பட்டது. 1992-இல் மத்திய விலங்குக் காட்சியக ஆணையம் அமைந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதை 1998-இல் அரசு தடை செய்தது.

அந்த ஆண்டுகளில் இக்கடற்கரைச் சாலையில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1990-களின் இறுதியில் தனியார் கேளிக்கைப் பூங்கா ஒன்று பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டு வந்தது. சீழ்க்கைக்கும் மீனுக்கும் பழகியவை அவை. சில மாதங்களுக்குள் அவை இறந்து போயின. 2013 மே மாதத்தில் நடுவண் அரசு, நாட்டில் டால்பின் காட்சியகங்களே கூடாது என்று அறிவித்தபோது இந்த அனுபவமும் நினைவுகூரப்பட்டது. அடிக்காமல் பழக்கி விட்டோம் என்பதால் குளம் கடலாகி விடாது. நேர் வலுவூட்டலைப் புகழ்ந்து பேசுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்து விடுகிறார்கள். கருத்தரங்கு மேடைகளிலும் அப்படித்தான்.

மீண்டும் குளத்தோரம்

ஊர்வன அறிவற்றவை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. எலிக்கென வகுத்த சோதனைகளை, உடல் சூடேறாத குளிர்ந்த அறையில் ஊர்வனவற்றிடம் நடத்தி எழுந்த எண்ணம் அது. அதைத் திருத்தியதில் வடநெம்மேலிக்கும் பங்குண்டு. சதுப்பு முதலைகளில் தாய் மட்டுமன்றித் தந்தையும் குஞ்சுகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டு செல்வதை இங்கே கண்டு, ஜெஃப்ரி லாங்கும் விட்டேக்கரும் துணைவரும் 1986-இல் வெளியிட்டனர். 2007-இல் இங்கு வந்த விளாடிமிர் டினெட்ஸ், கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில் முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளைத் தாங்கிக்கொண்டு அசையாமல் கிடப்பதைக் கண்டார். கூட்டுக்குக் குச்சி தேடும் பறவையை ஈர்க்கும் தூண்டில் இது என்று 2013-இல் அவரும் துணைவர்களும் எழுதினர். இதை எல்லோரும் ஏற்கவில்லை. குச்சி தற்செயலாகத் தங்கியதாகவும் இருக்கலாம் என்போர் உண்டு.

இத்தகைய விலங்கைப் பரிசு கொடுத்துப் பழக்குவது பல நாடுகளில் நடந்து வருகிறது. 2010-களிலிருந்து வடநெம்மேலியிலும் நடந்துள்ளது. முறை எளிது. நீண்ட கோலின் முனையில் வண்ணப் பந்து ஒன்று. மூக்கால் அதைத் தொட்டால் ஒலி. ஒலியை அடுத்து ஓர் இறைச்சித் துண்டு. பந்து போகும் இடத்திற்கு முதலை வரும். பெயர் சொல்லி அழைத்தபின்பே பரிசு என்று பழக்கினால், குளத்தில் பல கிடக்க, அழைக்கப்பட்டது மட்டும் எழுந்து வரும். பிறகு எடைப்பலகைமேல் ஏறல், மரப்பெட்டிக்குள் நுழைதல், வேலியோரம் உடலைச் சாய்த்துக் கிடத்தல் என்று படி உயரும். வேலிக்கு வெளியே நின்றபடியே மருத்துவர் காயத்தைப் பார்க்கலாம், ஊசியும் செலுத்தலாம். போராட்டம் இல்லை, அமிலமும் ஏறுவதில்லை.

ஆனால் டால்பினுக்குரிய விரைவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. டால்பின் ஒரு நாளில் பல பத்து மீன்களைத் தின்னும். அத்தனை பாடங்கள் கிடைக்கும். முதலை குறைவாக உண்பது. வளர்ந்தது மாதக் கணக்கில் பட்டினி கிடக்கவும் வல்லது. எனவே பரிசுத் துண்டு சிறிதாக வேண்டும். பொறுமை பெரிதாக வேண்டும். மார்கழிக் குளிரில் உடல் சூடேறாவிட்டால் எந்த இறைச்சிக்கும் அது அசையாது. சுவருக்கு மேலிருந்து கல்லெறியும் பார்வையாளரும் ஒரு பாடம் நடத்துகிறார்தாம்: மனிதர் நிற்கும் பக்கம் வராதே என்ற பாடம்.

முதலை வேண்டாம், வீட்டில் கோழி இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். காலையில் தீனி வைக்குமுன் தொடங்குங்கள். கொஞ்சம் குருணையும், அழுத்தினால் ‘டிக்’ என்னும் பேனாவும், ஒரு சிவப்புப் புட்டி மூடியும் போதும். முதல் நாள் ‘டிக்’ ஒலித்து உடனே இரண்டு குருணை. இப்படிப் பதினைந்து முறை. மறுநாள் மூடியைத் தரையில் வையுங்கள். கோழி அதைப் பார்த்தாலே ‘டிக்’. அடுத்து, அருகே வந்தால்தான் ‘டிக்’. பிறகு கொத்தினால்தான் ‘டிக்’. ஒலி முதலில், குருணை பிறகு. வரிசை மாறக் கூடாது. ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்து, உங்கள் ‘டிக்’ எத்தனை முறை காலம் தவறியது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு மூன்று மணித்துளிக்கு மேல் வேண்டாம். கோழி தலையைத் திருப்பிக்கொண்டு மண்ணைக் கிளறத் தொடங்கினால் அன்றைய பாடம் முடிந்தது.